வங்கியின் காலாண்டு லாபமும் கன்னிப்பூ, கும்பப்பூக் கணக்கும்

ஒரு வங்கியின் காலாண்டு முடிவு வெளியான மறுநாள், லாபம் உயர்ந்துவிட்டது என்று நாளிதழின் வணிகப் பக்கம் சொல்கிறது. அதே நாளில் அந்த வங்கியின் பங்கு விலை இறங்கிக் கிடக்கிறது. ஓய்வூதியப் பணத்தில் நாலு வங்கிப் பங்கு வாங்கி வைத்திருக்கும் நாகர்கோவில் ஆசிரியருக்கு இது புதிராகத்தான் இருக்கும். விடை பெரும்பாலும் தலைப்பு எண்ணில் இருப்பதில்லை. அறிக்கையின் கடைசியில் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளில் இருக்கிறது.

அந்தக் குறிப்புகளில் இரண்டு வாக்கியங்கள் ஏறத்தாழ எல்லா வங்கிகளிலும் வரும். சென்ற ஆண்டறிக்கையில் கடைப்பிடித்த கணக்கியல் கொள்கைகளையே இந்தக் காலாண்டிலும் கடைப்பிடித்திருக்கிறோம் என்பது ஒன்று. வாராக்கடன், ஊழியர் பலன்கள், வருமான வரி ஆகியவற்றுக்கான ஒதுக்கீடுகளை, அதாவது வரக்கூடிய இழப்புக்கும் செலவுக்கும் லாபத்திலிருந்து முன்கூட்டிக் கழித்து வைக்கும் தொகைகளை, மதிப்பீட்டின்படி செய்திருக்கிறோம் என்பது மற்றொன்று. சடங்குபோல் தெரியும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்தான் லாபம் உருவாகிறது.

முதலில் சில சொற்கள்

1. இடைக்கால நிதிநிலை அறிக்கை: முழு ஆண்டு முடிவதற்கு முன், மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ தயாரிக்கும் கணக்கு. வங்கியின் ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆகவே ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதக் கடைசிகளில் இடைவெட்டு விழும்.

2. கணக்கியல் கொள்கை: ஒரு வரவை எந்த நாளில் வருமானமாக எழுதுவது, ஒரு சொத்தை எந்த விலையில் காட்டுவது என்பதற்கு வங்கி எடுத்துக்கொண்ட முறை. இதை நினைத்தபோது மாற்ற முடியாது. மாற்றினால், மாற்றியதையும் அதன் விளைவையும் சொல்லியாக வேண்டும்.

3. மதிப்பீடு: கொள்கை சொல்லும் முறையில் போடும் எண். இது காலாண்டுக்குக் காலாண்டு மாறும், மாறவும் வேண்டும். கொள்கை மாறவில்லை என்று வங்கி சொல்வதால் லாபத்தில் ஊகம் கலக்கவில்லை என்று ஆகிவிடாது.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட வங்கி, காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவை வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதி. ஆண்டு முடிவுக்கு 60 நாள். காலாண்டுக் கணக்கை வெளித் தணிக்கையாளர் முழுமையாகத் தணிக்கை செய்வதில்லை. வரையறுக்கப்பட்ட மீளாய்வு என்ற அளவில் பார்க்கிறார். நிர்வாகத்திடம் கேள்வி கேட்பது, எண்களை முந்தைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஆகியவைதான் அதில் முக்கிய வேலை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிபோல் பட்டியலில் இல்லாதவற்றுக்கு இந்தக் காலாண்டுக் கடமை இல்லை.

இன்னொரு முக்கியமான வேறுபாடு. பெரிய நிறுவனங்கள் பலவும் இந்தியக் கணக்கியல் தரநிலைகள் என்ற புதிய தொகுப்புக்கு மாறிவிட்டன, வங்கிகள் மாறவில்லை. வங்கிகள் மாறுவதை ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் மறு அறிவிப்பு வரும்வரை தள்ளிவைத்தது. ஆகவே வங்கிகள் பழைய தரநிலைகளையும் ரிசர்வ் வங்கியின் விதிகளையும் வைத்தே கணக்கு எழுதுகின்றன. இடைக்கால அறிக்கைக்கு உரியது தரநிலை 25.

கைக்கு வராத வட்டி வருமானமாகும் விதம்

மார்த்தாண்டத்தில் ஒருவர் 2025 ஜனவரி 10 அன்று ஒரு சங்கிலியை அடகு வைத்து, வீட்டுச் செலவுக்கு 1,00,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். முதலும் வட்டியும் ஓர் ஆண்டு கழித்து ஒரே தவணையில் கட்ட வேண்டும்.

அந்த ஆண்டு முழுவதும் அவர் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் வங்கியின் கணக்கில் மாதம் 750 ரூபாய் வட்டி வருமானமாக ஏறிக்கொண்டே இருக்கும். பணம் வந்த நாளில் அல்ல, வட்டி ஏறும் நாளிலேயே வருமானமாக எழுதுவது என்பதுதான் கொள்கை. கடன் நன்றாக இருக்கும்வரை இதில் தவறு ஏதும் இல்லை.

2026 ஜனவரி 10 அன்று தவணை நாள். அவர் வரவில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நிலுவை 90 நாள் தொடர்ந்தால் கடன் வாராக்கடன். எண்ணிப் பார்த்தால் 90-ஆவது நாள் ஏப்ரல் 10. மார்ச் 31 அன்று 80 நாள்தான் ஆகியிருக்கும். 61 முதல் 90 நாள்வரை நிலுவையில் இருப்பவற்றுக்கான எச்சரிக்கைப் பட்டியலில் அந்தக் கடன் இருக்கும். ஆனால் வாராக்கடன் எண்ணில் இராது. ஆண்டுக் கணக்கில் அதன் வட்டி முழுவதும் வருமானமாகவே நிற்கும்.

பத்து நாள் கழிகிறது. ஏப்ரல் 10 அன்று மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன:

1. வருமானமாக எழுதி, கைக்கு வராமலே நின்ற வட்டி முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். நடப்புக் காலாண்டின் வட்டி மட்டுமல்ல, முந்தைய ஆண்டில் எழுதியதும் இதில் சேரும். 15 மாதத்துக்கு 11,250 ரூபாய்.

2. கடன் தரக்குறைவான சொத்து என்ற வகைக்குப் போகிறது. 15 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். கடனைவிட மதிப்புள்ள தங்கம் பெட்டகத்தில் இருப்பது இந்த முதற்கட்ட ஒதுக்கீட்டைக் குறைக்காது.

3. இனி அந்தக் கடனுக்கு வட்டி, பணம் கையில் வந்தால் மட்டுமே வருமானம்.

ஒரு லட்ச ரூபாய்க் கடன் ஜூன் காலாண்டு லாபத்திலிருந்து சுமார் 26,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மார்ச் காலாண்டு பளபளப்பாக இருந்தது. தங்கமும் கடன்காரரும் மாறவில்லை. ஒரு தேதி கடந்துவிட்டது, அவ்வளவுதான்.

வைப்புத்தொகை ரசீது, தேசிய சேமிப்புப் பத்திரம், ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் மேல் தந்த கடனுக்கு, போதிய ஈடு இருந்தால், இந்த வட்டி விதியில் விலக்கு உண்டு. நகைக்கடனுக்கு இல்லை. தங்கத்தைக் கண்ணால் பார்த்து, உரசி, எடைபோட்டு வாங்கி வைத்திருக்கும் கிளைக்காரர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் விதி அப்படித்தான்.

வாராக்கடன் என்ற முத்திரை கடனுக்குக் கடன் விழுவதில்லை, ஆளுக்கு விழுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சங்கிலிக்காரருக்கு அதே வங்கியில் ஒழுங்காகத் தவணை கட்டும் வீட்டுக் கடன் இருந்தால், அதுவும் வாராக்கடனாகிவிடும். 2021 நவம்பர் 12 சுற்றறிக்கைக்குப் பிறகு, வாராக்கடனாகிவிட்ட கணக்கு நல்ல கணக்காகத் திரும்ப வேண்டுமென்றால் முதலும் வட்டியுமாக நிலுவை முழுவதும் தீர வேண்டும். கொஞ்சம் கட்டிக் கணக்கை நல்லதாக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது.

இப்போது காலாண்டு முடியும் வாரத்தில் கிளையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பின் பொருள் விளங்கும். "அண்ணாச்சி, வட்டியையாவது கட்டி நகையை மாற்றி வைத்துவிடுங்கள்" என்று மேலாளர் கேட்பது வாடிக்கையாளர்மேல் உள்ள அக்கறையால் மட்டுமல்ல. வட்டியைக்கூட வாங்காமல், பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்ததாக எழுதித் தேதியைத் தள்ளிப்போடும் பழக்கமும் சில இடங்களில் இருந்தது. 2025 ஜூனில் வந்த நகைக்கடன் விதிகள், ஒரே தவணைக் கடனைப் புதுப்பிக்க ஏறிய வட்டியைக் கட்டியிருக்க வேண்டும் என்று வரையறுத்தன. கணக்கியல் கொள்கைக்கு உயிர் கொடுப்பது இப்படிப்பட்ட சின்ன விதிதான். அது இல்லாவிட்டால் 90 நாள் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும்.

ஒரே பெட்டகம், இரண்டு கடிகாரம்

அதே சங்கிலியை அதே கிளையில் பயிர்ச் செலவுக்கென்று வைத்திருந்தால் கணக்கு வேறு. பயிர்க்கடனுக்கு 90 நாள் விதி கிடையாது. குறுகிய காலப் பயிரானால், நிலுவை இரண்டு பயிர்ப் பருவம் தொடர்ந்தால்தான் வாராக்கடன். ஓராண்டுக்கு மேல் பருவம் நீளும் பயிரானால் ஒரு பருவம். பருவம் எது என்பதை மாநில அளவிலான வங்கியாளர் குழு முடிவு செய்கிறது.

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு 'பூ'க்களாக நெல் விளையும் ஊர் இது. கோடையில் தொடங்கி ஆவணி, புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. அதன்பின் நட்டு மாசி வாக்கில் அறுப்பது கும்பப்பூ. ஒரு பூ பொய்த்தாலும் அடுத்த பூவில் எடுத்துவிடலாம் என்பது விவசாயியின் நம்பிக்கை. ரிசர்வ் வங்கியின் இரண்டு பருவ விதி அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த அவகாசம்தான். மார்ச் 31 என்ற ஆண்டு வெட்டு, கும்பப்பூ அறுத்துக் கன்னிப்பூ தொடங்காத இடைவெளியில் விழுகிறது. நெல்லை விற்ற காசு கையில் இருக்கும் நாளில் வங்கியின் ஆண்டும் முடிவது, திட்டமிட்டு அமைத்ததுபோல் தோன்றும், அது தற்செயல்தான்.

பங்குதாரர் பார்க்க வேண்டியது வேறொன்று. ஒரு வங்கியின் நகைக்கடனில் பெரும்பகுதி விவசாய நகைக்கடன் என்றால், அதன் வாராக்கடன் எண் மெதுவாக நகரும். கடன் நல்லதாக இருப்பதால் அது குறைவாக இருக்கலாம். கடிகாரம் மெதுவாக ஓடுவதாலும் குறைவாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டும் எண் முதல் பக்கத்தில் வராது.

மீன்பிடித் தடையும் ஜூன் 30-உம்

தரநிலை 25 ஒரு கறாரான நிபந்தனை வைக்கிறது. பருவத்தைப் பொறுத்து வரும் வருமானத்தை முன்கூட்டி எழுதவும் கூடாது, ஒத்திப்போடவும் கூடாது. எந்தக் காலாண்டில் நிகழ்ந்ததோ அதில்தான் எழுத வேண்டும். நாலு காலாண்டையும் ஒரே மட்டத்தில் காட்ட ஆசைப்படும் நிர்வாகத்துக்கு இது கடிவாளம்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு கடல். விசைப்படகுகளுக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் போன்ற கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல் படகு ஒன்றின் கடனுக்கு மாதத் தவணை, 90 நாள் விதி என்று வைத்துக்கொள்வோம். மே 31 தவணை தவறுகிறது. ஜூன் 30 அன்று 30 நாள்தான் ஆகியிருக்கும். காலாண்டுக் கணக்கில் அது நல்ல கடன். 90 நாள் முடிவது ஆகஸ்ட் 29. படகு கடலுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அந்த ஆகஸ்டில் மீன்பாடு எப்படி என்பதைப் பொறுத்தது செப்டம்பர் காலாண்டு. தடைக்காலத்தின் பாதிப்பைத் தேடி ஜூன் காலாண்டு அறிக்கையைப் புரட்டினால் ஒன்றும் தட்டுப்படாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது டிசம்பர் காலாண்டு முடிய ஒரு மாதம் இருந்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்தன. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. இத்தகைய பேரிடரில் கடனைத் திருத்தியமைக்கவும், அப்படித் திருத்தியமைத்த கடனை வாராக்கடனாக்காமல் வைத்திருக்கவும் ரிசர்வ் வங்கியின் தனி விதிகள் இடம் தருகின்றன. கடன்காரருக்கு அது தேவையான மூச்சு. கணக்கைப் படிப்பவருக்கோ, இழப்பு நடந்த காலாண்டும் அது எண்ணாக வெளிப்படும் காலாண்டும் வெவ்வேறு ஆகிவிடுகின்றன.

கொரோனாக் காலத்தில் இந்த விலகல் நாடு முழுவதும் தெரிந்தது. அதுவரை வாராக்கடனாகாத கணக்குகளை வாராக்கடனாக அறிவிக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பர் 3 அன்று இடைக்கால ஆணை தந்தது. அடுத்து வந்த காலாண்டுகளில் பல வங்கிகள் இரண்டு எண்களைக் கொடுத்தன: ஆணைப்படியான எண், ஆணை இல்லாதிருந்தால் வந்திருக்கும் எண். இரண்டாவது எண் குறிப்பில் இருந்தது. அதைப் படித்தவர்களை அடுத்த ஆண்டின் அதிர்ச்சி அவ்வளவாக ஆட்டவில்லை.

ஒதுக்கீட்டின் படிக்கட்டு

நல்ல கடனுக்கும் ஒதுக்கீடு உண்டு. பொதுவாக 0.40 சதவீதம், நேரடி விவசாயத்துக்கும் சிறுதொழிலுக்கும் 0.25, வணிகக் கட்டடங்களுக்கு 1 சதவீதம். வாராக்கடனான பின் முதல் 12 மாதம் 15 சதவீதம். தொடக்கத்திலேயே ஈடு இல்லாத கடனானால் 25. அதற்குப் பின் சந்தேகத்துக்குரிய கடன்: ஈடுள்ள பகுதிக்கு முதல் ஆண்டில் 25, அடுத்த இரண்டு ஆண்டில் 40, பிறகு 100 சதவீதம். ஈடில்லாப் பகுதிக்குச் சந்தேக வகைக்கு வந்தவுடனே 100.

இவை குறைந்தபட்ச அளவுகள். இதற்கு மேல் எவ்வளவு ஒதுக்குவது என்பது வங்கியின் இயக்குநர் குழு ஏற்கும் கொள்கை. தலைப்புச் செய்தியின் புதிர் பெரும்பாலும் இங்கேதான் அவிழும். ஒரு வங்கி கூடுதலாக ஒதுக்கினால் லாபம் குறைகிறது, ஆனால் எதிர்காலம் பத்திரமாகிறது. பழைய ஒதுக்கீட்டைத் திருப்பி எடுத்தாலோ, முன்பே தள்ளுபடி செய்த கடன் வசூலானாலோ, புதிய வணிகம் ஏதும் இல்லாமலே லாபம் துள்ளுகிறது. லாபம் ஏறிய நாளில் பங்கு ஏன் இறங்கியது என்று கேட்பவர் முதலில் ஒதுக்கீட்டு வரியைப் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கு முந்தைய இயக்க லாபத்தை அதற்குப் பிறகு.

பத்திரம் எந்தப் பெட்டியில்?

வங்கிகள் அரசுப் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கின்றன. 7 சதவீத வட்டி தரும், பத்தாண்டில் முதிரும் 100 ரூபாய்ப் பத்திரம் ஒன்று. சந்தை வட்டி 6.5 சதவீதமாக இறங்கினால் அதன் விலை ஏறத்தாழ 103.60 ஆகும். இந்த 3.60 லாபமா? 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது:

1. முதிர்வுவரை வைத்திருப்பது: விலையேற்றம் கணக்கிலேயே வராது.

2. விற்பனைக்கு உகந்தது: ஏற்றம் இருப்புக்கணக்கில் ஒரு தனி நிதியாகச் சேரும், லாபநட்டக் கணக்கைத் தொடாது.

3. நியாய மதிப்பு லாபநட்டக் கணக்குவழி: ஏற்றமும் இறக்கமும் நேராக லாபத்தில்.

அதற்கு முந்தைய முறையில் விலை இறங்கினால் ஒதுக்க வேண்டும், ஏறினால் எழுதக் கூடாது. முறை மாறியதால், 2024 ஜூன் காலாண்டை 2023 ஜூன் காலாண்டோடு ஒப்பிட்டு எழுதிய செய்திகள் பலவும் புளியம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒரே தராசில் வைத்தவைதான்.

ஓய்வூதியம், பணிக்கொடை போன்றவை, வருங்காலத்தில் ஊழியருக்குத் தர வேண்டிவருவதைக் கணக்கிடும் கணிப்பாளர் போடும் எண். காலாண்டில் தோராயமாகவும் ஆண்டு முடிவில் திருத்தமாகவும் வரும். வருமான வரி, முழு ஆண்டுக்கும் வரக்கூடிய சராசரி வீதத்தை வைத்து எழுதப்படும். மார்ச் காலாண்டு லாபம் மற்ற மூன்றிலிருந்து விலகி நிற்பதற்கு இவை இரண்டும் காரணமாகலாம்.

கொள்கை வழுக்கும்போது

2025 மார்ச் 10 அன்று இண்டஸ்இண்ட் வங்கி தன் டெரிவேட்டிவ் (வேறொன்றின் விலையைச் சார்ந்து மதிப்பு மாறும்) ஒப்பந்தக் கணக்கில் முரண்பாடுகள் இருப்பதாகப் பங்குச்சந்தைக்கு அறிவித்தது. 2024 டிசம்பர் நிலவரப்படியான நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடன்பொறுப்பு போக மிஞ்சுவதில்) சுமார் 2.35 சதவீதம் பாதிக்கப்படும் என்றது. உள்பிரிவுகளுக்கிடையே எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களின் கணக்கு முறையில் சிக்கல் இருந்தது. அந்த மார்ச் காலாண்டில் வங்கி சுமார் 2,329 கோடி ரூபாய் நட்டம் காட்டியது; நட்டத்துக்கு நுண்கடன் போன்ற வேறு காரணங்களும் உண்டு. அதற்கு முந்தைய காலாண்டுகளின் அறிக்கைகளும் மீளாய்வு பெற்றுத்தான் வெளியாயின. மீளாய்வு என்ற சொல்லுக்கு முன்னால் வரையறுக்கப்பட்ட என்ற அடைமொழி சும்மா நிற்கவில்லை.

இந்த மண்ணுக்கு வங்கிக் கணக்கின் மேல் சந்தேகம் புதிதல்ல. குமரி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1938-இல், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவை மூடியது. அன்றைய வைப்பாளருக்குப் புரட்டிப் பார்க்கக் காலாண்டுக் குறிப்பு என்று ஒன்று கிடையாது.

பக்கத்துக் கடையின் கணக்கு

மார்த்தாண்டம் சந்திப்பில் வங்கிக் கிளைக்கு நாலு கடை தள்ளி நகைக்கடன் நிதி நிறுவனம் இருக்கும். 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள நிதி நிறுவனங்கள் 2018 ஏப்ரல் 1 முதலே புதிய தரநிலைகளுக்கு மாறிவிட்டன. கடன் தரும்போது வாங்கும் செயலாக்கக் கட்டணத்தைப் பல வங்கிகள் அன்றைக்கே வருமானமாக எழுதுகின்றன. நிதி நிறுவனமோ அதைக் கடன் காலம் முழுவதும் பரப்பி எழுத வேண்டும். இழப்புக்கான ஒதுக்கீட்டையும் அது நாளை எண்ணி அல்ல, எதிர்பார்க்கும் இழப்பைக் கணித்துச் செய்கிறது. ஒரே எடை, ஒரே மாற்று, ஒரே தெரு. ஆனால் இரண்டு நிறுவனங்களின் காலாண்டு லாபத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

வங்கிகளையும் அந்தப் பாதைக்குக் கொண்டுவர ரிசர்வ் வங்கி 2023 ஜனவரியில் ஒரு விவாத அறிக்கையும், 2025 அக்டோபரில் வரைவு விதிகளும் வெளியிட்டது. வரைவு சொன்ன தொடக்க நாள் 2027 ஏப்ரல் 1. அதன்படி கடன்கள் மூன்று கட்டமாகப் பிரியும். முதற்கட்டத்தில் அடுத்த 12 மாதத்தில் நேரக்கூடிய இழப்புக்கு ஒதுக்கீடு. கடனின் அபாயம் கணிசமாகக் கூடிவிட்டால் இரண்டாம் கட்டம்; கடனின் ஆயுள் முழுவதற்குமான இழப்பை அப்போதே கணக்கிட வேண்டும். 30 நாளுக்கு மேல் நிலுவை என்பது அபாயம் கூடியதற்கு அடையாளமாகக் கொள்ளப்படும்.

அந்த முறையில் மார்த்தாண்டத்துச் சங்கிலியை மறுபடி எண்ணிப் பார்க்கலாம். ஜனவரி 10 தவணை தவறி, பிப்ரவரி இரண்டாம் வாரத்திலேயே கடன் இரண்டாம் கட்டத்துக்குப் போயிருக்கும். பெட்டகத்தில் இருக்கும் தங்கத்தின் விலையையும் வங்கி கணிப்பில் சேர்த்திருக்கும். ஏப்ரல் 10 வரை காத்திராமல், மார்ச் 31 கணக்கிலேயே அந்தக் கடனுக்குக் கூடுதல் ஒதுக்கீடு இருந்திருக்கும். அது எவ்வளவு என்பதை நாள்காட்டி சொல்லாது. வங்கி கட்டும் கணிப்பு மாதிரி சொல்லும். அப்போது குறிப்புகளில் தேட வேண்டியது 90 என்ற எண்ணை அல்ல, தங்க விலை எவ்வளவு இறங்கலாம் என்று அந்த மாதிரிக்குள் போட்டிருக்கும் அனுமானத்தை.